மூக்கன் உருண்ட மேடு

காலையில் ஆள் வரிசை நின்று வேலை பிரிக்கும் பெரட்டுக்களத்துக்குச் செல்லசாமி கங்காணி வந்து நின்றால் மணி ஆறே கால். மேல்டிவிசனில் அதற்காக யாரும் போனை எடுத்துப் பார்ப்பதில்லை. மழையானாலும் பனியானாலும் இஸ்திரி போட்ட காக்கிச் சட்டை, முழங்கால்வரை பூட்ஸ், இடது முழங்கையில் மாட்டிய கறுப்புக் குடை. வயது ஐம்பத்தாறு ஆகிவிட்டது. முதுகுக்கு மட்டும் அந்தச் செய்தியை அவர் இன்னும் சொல்லவில்லை.

நோட்டன் பிரிட்ஜிலிருந்து மலையேறிப் போனால் வரும் கல்லருவித் தேயிலைத் தோட்டத்தில் அவருடைய தாத்தா கங்காணியாக இருந்தார். அப்பா மூக்கன் முப்பது வருடம் கங்காணி. மூன்றாவது தலைமுறையாகச் செல்லசாமி பதினெட்டுக் கொழுந்துப் பெண்களைக் காலையில் மலைக்குக் கூட்டிப்போய் அந்தியில் ஒருவர் குறையாமல் கூட்டி வருகிறார். வீட்டுக்குள் நுழைந்தவுடன் கண்ணில் படுவது அப்பாவின் படம்தான். கறுப்புக் கோட்டு, தொப்பி, கையில் தடி. கடைசிக் காலத்தில் அப்பா வலது காலைச் சாய்த்துத்தான் நடந்தார். மலையில் உருண்டு வந்த பாறாங்கல்லுக்கு முன்னால் நின்ற இரண்டு பெண்களைத் தள்ளிவிட்டுத் தான் அடிபட்டுக்கொண்டார் என்பது அந்தக் குடும்பம் மூன்று கல்யாணங்களிலும் ஒரு கருமாதியிலும் சபையில் சொன்ன வரலாறு. பெண் பார்க்க வந்தவர்களுக்கும் அந்தக் கதையைச் சொல்லித்தான் தேநீர் கொடுத்தார்கள்.

மாசி மாதம் கீழ்டிவிசனில் குளவி கலைந்து நான்கு பெண்களைக் கொட்டிவிட்டது. அங்கிருந்த கங்காணி போன் போட்டு "பன்னெண்டாம் நம்பர் மலை" என்று மட்டும் சொன்னார். பன்னிரண்டாம் நம்பர் என்பது மூன்று பாதைகள் ஏறும் பெரிய மலை. கொழுந்து லொறி ஒரு பாதையில் ஏற, கொட்டுப்பட்டவர்கள் இன்னொரு பாதையில் இறங்க, ஒருவரை ஒருவர் கண்டுபிடிக்க முக்கால் மணி நேரமாயிற்று.

அந்த வாரம் கொழுந்து நிறுக்கும் கொட்டகையான மடுவத்தில் நிறுவை முடிந்து எல்லோரும் சாக்கை உதறிக்கொண்டிருந்தபோது சுலக்ஷனா செல்லசாமியின் முன்னால் வந்து நின்றாள். அவருடைய ஆட்களில் இருபத்தொன்பது வயதுக்காரி. பள்ளிக்கூடத்தில் உயர்தர வகுப்பு வரைக்கும் சித்திரம் படித்தவள். கொழுந்து எடுப்பதிலும் சளைத்தவளல்ல.

"கங்காணி, ஒரு விசயம் கேக்கணுங்க. நம்ம மலைக்கு ஒரு படம் கீறுனா என்னங்க?"

"ஆபீசுலதான் மேப்பு தொங்குதே புள்ள."

"அதுல நம்பர்தானேங்க இருக்கு. நாங்க யாரும் நம்பர் சொல்லிப் பேசுறதில்ல. ஒத்தச் சவுக்குன்னா எல்லாருக்கும் தெரியும். ஆறாம் நம்பர் தெக்கு மூலைன்னா யாருக்குத் தெரியும்? நாங்க கூப்புடுற பேர எல்லாம் போட்டு, எங்கெங்க குளவிக் கூடு இருக்குன்னு செவப்புல வட்டம் போட்டு, லொறி எதுவரைக்கும் வரும்னு மஞ்சக் கோடு போட்டு, பெரட்டுக்களத்துல மாட்டிட்டா? லொறிக்காரர் நம்பரையும் மூலையில எழுதிடலாம். படத்த எல்லாரும் போன்ல எடுத்து வச்சிக்கிட்டா, எங்க விழுந்தாலும் தூக்க வருவாங்க."

செல்லசாமி குடையை இடக்கையிலிருந்து வலக்கைக்கு மாற்றினார். அவர் ஒரு விஷயத்தை மதித்து யோசிக்கிறார் என்பதற்கு அது அடையாளம்.

"இத வேற எந்த டிவிசன்லயாவது செஞ்சிருக்காங்களா?"

"இல்லைங்க."

"அப்ப நாமதான் மொத ஆளு," என்றார்.

அந்த யோசனை தன் ஆட்களிடமிருந்து பிறந்தது என்பதில் அவருக்கு ஏற்பட்ட பெருமையைச் சொல்லி முடியாது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி ஹட்டனுக்குப் போய் நான்கு நிறத்தில் பெயின்டும் மூன்று பிரஷ்ஷும் வாங்கி வந்தார். உரம் வந்த சாக்கை அலசிக் காயவைத்து, இரண்டைச் சேர்த்துத் தைத்து, வெள்ளைப் பக்கம் மேலே வரும்படி சட்டத்தில் அடித்துக் கொடுத்தார். சுலக்ஷனா அதைத் தோளில் சுமந்துகொண்டு போனபோது, "கொழுந்து எடுக்கச் சொன்னா கங்காணி சினிமாவுக்கு போர்டு எழுதுறாரு" என்று கீழ்டிவிசன்காரர்கள் கேலி பேசினார்கள். செல்லசாமி நின்று திரும்பி, "ஆமா. அடுத்த மாசம் நீங்க அத பாக்க வருவீங்க. வர்றப்போ காலக் கழுவிட்டு வாங்க" என்றார்.

தோட்டத்து உதவி மேனேஜர் பிரதாப் சின்ன தொரையிடம் அனுமதி கேட்கவும் அவர்தான் போனார். கண்டியில் படித்து வந்த இளம் தொரை. ஆள் கெட்டவரில்லை, எதற்கும் காகிதம் கேட்பவர்.

"நம்பர் இருக்கே செல்லசாமி. அது போதாதா?"

"நம்பர் ஒங்க மேப்புல இருக்குங்க தொரை. மலையில நிக்கிறவங்களுக்கு மரமும் மேடுந்தான் தெரியும்."

பிரதாப் பேனாவை உருட்டினார். "சரி. சரியா வந்தா மத்த டிவிசனுக்கும் சொல்றேன். பிழையாப் போனா நீங்கதான் பொறுப்பு."

"எங்க குடும்பத்துல பொறுப்பு புதுசு இல்லைங்க," என்றார் செல்லசாமி.

இரண்டு வாரத்தில் படம் வந்தது. ஒரு மத்தியானம், தேநீர் நேரத்தில், மடுவத்துச் சுவரில் சாய்த்து வைத்து சுலக்ஷனா மேலே போட்டிருந்த துணியை எடுத்தாள். பார்த்துக்கொண்டிருந்தவர்கள் கோப்பையோடு கிட்ட வந்தார்கள். அந்த மலைதான். மேலேயிருந்து பருந்து பார்த்தால் எப்படி இருக்குமோ அப்படி. ஆறு, பாதை, லயத்து வீடுகள், கோயில் கோபுரம், இரண்டாகப் பிளந்த பாறை, எல்லாம் அதனதன் இடத்தில். பதினெட்டுப் பேரிடமும் கேட்டுக் கேட்டு எழுதிய பெயர்கள்.

செல்லசாமி மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, கோயிலில் பட்டியல் வாசிப்பதுபோல உரக்க வாசித்தார்.

"ஒத்தச் சவுக்கு... சாமிக்கல்லு... அட்டைக் கானு... புள்ளத்தாச்சி வளைவு... அதுல யாருக்குப் புள்ள பொறந்துச்சு?"

"நாந்தாங்க பொறந்தேன்," என்றாள் சர்மிளா. கூட்டத்திலேயே துடுக்குக்காரி. "அதனாலதான் அந்த வளைவுல கொழுந்து நல்லா வருது."

சிரிப்பு எழுந்தது. அவரும் சிரித்தார். குடையின் நுனியால் காட்டிக்கொண்டே மேலே போனார். "பழைய பீலி... தேன்பாறை, இங்க செவப்பு வட்டம், சரி... இது ஏழாம் நம்பர் செம்மண் சரிவு. இதுக்கு என்னா பேரு? மூக்கன்..."

குடை நின்றது.

"மூக்கன் உருண்ட மேடு," என்று மெதுவாக வாசித்து முடித்தார். "எந்த மூக்கன்?"

மடுவத்தில் இருந்தவர்கள் எல்லோரும் அவரவர் தேநீர்க் கோப்பைக்குள் எதையோ தேடினார்கள். சுலக்ஷனாவுக்கு அப்போதுதான் புரிந்தது. அந்தப் பெயரை அவள் பிறந்ததிலிருந்து கேட்டு வளர்ந்திருந்தாள். ஒத்தச் சவுக்கில் சவுக்கு எப்படியோ அப்படித்தான் மூக்கன் உருண்ட மேட்டில் மூக்கனும். அந்த மூக்கன் ஒரு மனிதர், அவருக்கு ஒரு மகன் உண்டு, அந்த மகன்தான் பெயின்ட் வாங்கிக் கொடுத்தவர் என்பது எழுதும்போது அவளுக்கு உறைக்கவேயில்லை.

வேலாயிதான் வாயைத் திறந்தாள். அறுபத்து மூன்று வயது. வயதாகித் தோட்டப் பதிவிலிருந்து பேர் எடுத்த பிறகும் வீட்டில் உட்கார மனமில்லாமல், எடைக்குக் காசு தரும் கைக்கொழுந்துக்கு வருகிறவள். செல்லசாமியைத் தம்பி என்று கூப்பிடும் உரிமை அந்தக் கூட்டத்தில் அவளுக்கு மட்டும்தான்.

"ஒங்கப்பாதான் தம்பி. கோட்டு போட்டுக்கிட்டு உருண்ட மூக்கன் வேற யாரு இருக்கா இங்க?"

"அக்கா, எங்கப்பா மேல கல்லு உருண்டுச்சு."

"உருண்டது கல்லு இல்ல தம்பி."

வேலாயி வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு தொடர்ந்தாள். "எம்பத்திநாலாம் வருசம். நீங்க அப்ப ராகலையில சித்தி வீட்டுல இருந்து படிக்கிறீங்க. மழ விட்டு வெயில் அடிக்குது. பெரிய தொரை கீழ் ரோட்டுல ஜீப்ப நிப்பாட்டிட்டுப் பாத்துக்கிட்டு நிக்கிறாரு. அவரு பாக்குறாருன்னு தெரிஞ்சதும் ஒங்கப்பா மேட்டுல ஏறி நின்னுக்கிட்டு, 'ஏன்டி நத்தையாட்டம் ஊருறீங்க, இப்புடி ஏறி வாங்கடி'ன்னு ஒரு அதட்டுப் போட்டு ஒரு எட்டு வச்சாரு. அம்புட்டுத்தான். கோட்டு ஒரு பக்கம், தொப்பி ஒரு பக்கம், தடி ஒரு பக்கம். தொரை காலடியில போய்த்தான் நின்னாரு. எந்திரிச்ச ஒடனே, 'குட்மோர்னிங் சேர்'ன்னாரு."

சர்மிளா புரையேறி இருமினாள். இரண்டு பேர் அவள் முதுகைத் தட்டுகிற சாக்கில் முகத்தை மறைத்துக்கொண்டார்கள்.

செல்லசாமி மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மடித்துப் பைக்குள் வைத்தார். அவருக்கு வலித்தது அப்பா விழுந்ததல்ல. இந்தப் பதினெட்டுப் பேரும், இவர்களுடைய அம்மாமார்களும், நாற்பது வருடமாக அவருக்கு முன்னால் "அந்த மேடு" என்றும் அவர் தலை மறைந்ததும் முழுப்பெயரும் சொல்லி வந்திருக்கிறார்கள். அவர் நிமிர்ந்த முதுகோடு அந்தச் சரிவில் நின்று அதட்டிய ஒவ்வொரு தடவையும் இவர்கள் என்ன நினைத்திருப்பார்கள்?

"இந்தப் பேர மாத்து," என்றார்.

"கங்காணி, எனக்குத் தெரியாமத்தாங்க..."

"ஒம்மேல கோவமில்ல புள்ள. பேர மாத்து. மூக்கன் கங்காணி அவர்கள் கால் தவறிய சரிவு. அப்புடி எழுது."

சுலக்ஷனா பிரஷ்ஷை எடுத்தாள். "எழுதுறேங்க. ஆனா குளவி கொட்டுறப்போ அம்புட்டு நீளமா யாருங்க கத்துவா?"

இந்தத் தடவை சிரிப்பை யாராலும் அடக்க முடியவில்லை. செல்லசாமியின் காது சிவந்தது. "அப்ப பெரிய கங்காணி மேடுன்னு போடு. சுருக்கமாத்தான் இருக்கு. மரியாதையாவும் இருக்கு."

"அப்புடி ஒரு பேரு யாருக்கும் தெரியாதுங்களே."

"தெரிஞ்சிக்குவாங்க. நாளைக்கு நான் தொரைகிட்ட கொண்டு போகணும். எந்த முகத்தோட கொண்டு போறது?"

அவர் கொண்டு போகாவிட்டால் படம் மடுவத்துச் சுவரோடு சரி என்பது அவளுக்குத் தெரியும். வெள்ளைப் பெயின்டால் அந்த வரியை மூடி, காய்ந்ததும் மேலே பெரிய கங்காணி மேடு என்று எழுதினாள். சிவப்பு வட்டம் இரண்டு அந்த மேட்டை ஒட்டியே இருந்தன. அவற்றை அவள் தொடவில்லை.

படம் பெரட்டுக்களத்தில் ஏறியது. பிரதாப் தொரை பார்த்து, போனில் பிடித்து, எல்லாக் கங்காணிமாருக்கும் லொறிக்காரர்களுக்கும் அனுப்பினார். கீழ்டிவிசன்காரர்கள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். கால் கழுவினார்களா என்று செல்லசாமி கேட்கவில்லை. அடுத்த மூன்று வாரமும் அவர் நடை கொஞ்சம் அதிகமாகவே நிமிர்ந்திருந்தது.

பங்குனிக் கடைசியில் காற்று கிளம்பியது. ஏழாம் நம்பர் மலையில் மேல்வரிசை எடுத்துக்கொண்டிருந்தபோது தேன்பாறைப் பக்கமிருந்து ஒரு பருந்து கூட்டைக் கலைத்துவிட்டது. முதலில் ஓசைதான் வந்தது, தூரத்தில் மெஷின் ஓடுவதுபோல. பிறகு "கொளவி! கொளவி!" என்ற கூச்சல்.

சுலக்ஷனா பதினொரு பேரைக் கூட்டிக்கொண்டு, தப்பி ஓடும் வழியென்று தான் படத்தில் நீலக்கோடு போட்ட வழியாகவே ஓடைக்கு இறங்கிவிட்டாள். அவர்களில் ஒருத்திக்கும் பெரிதாக ஒன்றுமில்லை. மேலே நின்றவர்கள் செடிக்குள் குனிந்து, இடுப்பில் கட்டியிருந்த படங்குச் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டார்கள். சர்மிளா மட்டும் கூடை சிக்கித் தடுமாறினாள். செல்லசாமி ஓடிப்போய்க் குடையை விரித்து அவள் தலைமேல் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். அவர் காதிலும் கழுத்திலும் கொட்டியதை எண்ண அவருக்கு நேரமில்லை. ஓசை அடங்கியபோது சர்மிளாவின் முகம் வீங்கிக் கண் மூடியிருந்தது. மூச்சு இழுத்தது.

படங்குகளைச் சேர்த்து முடிந்து தூளியாக்கி நான்கு பேர் அவளைத் தூக்கினார்கள். செம்மண் சரிவுக்குக் கீழே பாதைக்கு இறக்கினார்கள். வேலாயி அதற்கு முன்பே தன் சின்ன போனில் லொறி ஓட்டும் அழகனைப் பிடித்துக் கத்திவிட்டிருந்தாள். லைன் அத்தோடு அறுந்துவிட்டது. அந்தப் பக்கம் சிக்னல் எப்போதும் அப்படித்தான்.

மடுவத்திலிருந்து அந்த இடத்துக்கு லொறி வர ஏழு நிமிடம். பத்து நிமிடம் போயிற்று. பதினைந்து. செல்லசாமி பாதையின் நடுவில் நின்றார். சர்மிளாவின் கை குளிர்ந்துகொண்டு வந்தது. வேலாயி அவள் உள்ளங்காலைத் தேய்த்தபடி, "வந்திருவான்டி, வந்திருவான்டி" என்று சொல்லிக்கொண்டேயிருந்தாள். அரை மணி நேரம் கழித்துத்தான் லொறியின் சத்தம் கேட்டது.

அழகன் குதித்து இறங்கினான். ராகலைப் பக்கத்திலிருந்து வந்து ஆறு மாதம்தான் ஆகிறது. முகமெல்லாம் வேர்வை.

"எங்கடா போன?" என்று கத்தினார் செல்லசாமி.

"படத்த நாலு தடவ பாத்தேங்க கங்காணி! மூக்கன் உருண்ட மேட்டுக்கு வாடான்னாங்க அக்கா. அப்புடி ஒரு எடமே படத்துல இல்ல. திருப்பி எடுத்தா போன் போகல. மேல் ரோட்டுல ஏறித் தேடிட்டு, பொறகு பெரட்டுக்களத்துக்கே போயி பெரிய படத்தப் பாத்தேன். அதுலயும் இல்ல. கடைசியா பிள்ளைக்காம்பராவுல புள்ளைகளப் பாத்துக்கிற ஆயாகிட்ட கேட்டேங்க. அவங்கதான் சொன்னாங்க, அது நம்ம..."

அவன் நிறுத்திக்கொண்டான்.

சுலக்ஷனா ஓடையிலிருந்து ஏறி வந்து அங்கே நின்றிருந்தாள். அவள் அவரைப் பார்க்கவில்லை. யாருமே பார்க்கவில்லை. அவர் கேட்டு வாங்கிய மரியாதை அத்தனையும் அந்த நிமிடம் அவருக்குக் கிடைத்தது. அவரே தூளியின் ஒரு முனையைப் பிடித்துச் சர்மிளாவை லொறியில் ஏற்றினார்.

டிக்கோயா ஆஸ்பத்திரியில் யாழ்ப்பாணத்துப் பெண் டொக்டர் ஊசி போட்டு, சேலைன் ஏற்றி, ஒரு மணி நேரம் பக்கத்திலேயே நின்றார். "இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தால் கஷ்டமாப் போயிருக்கும், ஐயா. இப்ப பயமில்லை" என்றார். மறுநாள் மத்தியானம் சர்மிளா கண் திறந்து, வீங்கிய உதட்டோடு, "கங்காணி காத பாருங்க, வடை மாதிரி இருக்கு" என்றாளாம். வேலாயி வந்து சொன்னபோது செல்லசாமி ஆஸ்பத்திரி வாசலில் குடையை ஊன்றிக்கொண்டு நின்றிருந்தார். உள்ளே போக முகமில்லை.

திரும்பி வரும் பஸ்ஸில் இரண்டு பேரும் ஒரே சீட்டில் உட்கார்ந்தார்கள். ஹட்டன் தாண்டியதும் செல்லசாமி ஆரம்பித்தார்.

"அக்கா, ஒண்ணு கேக்குறேன். அந்தச் சரிவுல வேற யாராவது விழுந்திருக்காங்களா?"

வேலாயி விரல்விட்டு யோசித்தாள். "ஒங்கப்பாவுக்கு முன்னாடி மூணு பேரு விழுந்திருக்காங்க. ஒருத்திக்கு இடுப்பு போச்சு. கடைசிவரைக்கும் அவ நேரா நிக்கல."

"அதுக்குப் பொறகு?"

"பொறகு யாருமில்ல."

"நாப்பது வருசத்துலயா?"

"எப்புடி விழுவாங்க? புதுசா பேர் பதிஞ்சி வர்ற புள்ளைக்கி மொத நாளே சொல்லிருவோம்ல. அந்த மேட்டுக்குப் பேரு இது, கால ஊன்றப்போ மூக்கன நெனச்சிக்கன்னு. சிரிச்சிக்கிட்டே கால ஊன்றி வப்பாளுக." அவள் ஜன்னல் பக்கம் திரும்பி, "மறக்க முடியாத மாதிரியில்ல உருண்டாரு மனுசன்" என்றாள்.

நோட்டன் பிரிட்ஜில் இறங்கும்போது வேலாயியின் பையைச் செல்லசாமியே வாங்கித் தூக்கிக்கொண்டார்.

அடுத்த நாள் ஆறே காலுக்குப் பெரட்டுக்களத்தில் பிரதாப் தொரை அவருக்கு முன்பே நின்றிருந்தார். ஐந்து கங்காணிமாரின் ஆட்கள், தொண்ணூறு பேருக்கு மேல் இருக்கும், வரிசையில் நின்றார்கள். தொரையின் கையில் ஒரு காகிதம்.

"லொறி அரை மணித்தியாலம் பிந்தியிருக்கு. டிரைவர் சொல்றாரு, சொன்ன இடம் படத்தில இல்லையாம். படம் கீறினது யாரு? சுலக்ஷனாவா? எல்லாரையும் கேட்டுத்தானே கீறணும்? அரைகுறையா ஒன்றைக் கீறி மாட்டினா, இல்லாததைவிட ஆபத்து. இதைக் கழற்றுங்க. பழையபடி நம்பர் சொல்லிப் பேசுவோம்."

சுலக்ஷனா தலை குனிந்து நின்றாள். தன்னைக் காக்க அவளுக்கு ஒரு வரி போதும். அதை அவள் சொல்லவில்லை. கங்காணியின் அப்பா பெயரைத் தொண்ணூறு பேருக்கு முன்னால் அவள் எடுக்கமாட்டாள். இரண்டு பேர் படத்தைக் கழற்ற ஏணியை எடுத்தார்கள்.

"ஏணிய வைங்க," என்றார் செல்லசாமி.

அவர் வரிசையிலிருந்து வெளியே வந்தார். காது இன்னும் வீங்கித்தான் இருந்தது.

"தொரை, அந்தப் புள்ள எல்லாரையும் கேட்டுத்தாங்க கீறுச்சு. அந்த எடத்துப் பேரையும் எழுதியிருந்துச்சு. நாந்தான் அழிக்கச் சொன்னேன்."

"நீங்களா? ஏன்?"

"அது எங்கப்பா பேருங்க."

செல்லசாமி குடையை ஊன்றி, தொண்டையைச் செருமிக்கொண்டு, கல்யாணச் சபையில் குடும்ப வரலாறு சொல்கிற அதே குரலில் சொன்னார்.

"எங்கப்பா மூக்கன் கங்காணி. முப்பது வருசம் இந்த மலையில ஆள் நடத்துனவரு. எம்பத்திநாலாம் வருசம் ஏழாம் நம்பர் செம்மண்ணுல வழுக்கி, பெரிய தொரை காலடி வரைக்கும் உருண்டாரு. எந்திரிச்சி குட்மோர்னிங் சொன்னாரு."

எங்கோ பின்வரிசையில் ஒரு சிரிப்பு வெடித்தது. அவர் அது முடியும்வரை பொறுத்தார்.

"சிரிங்க. சிரிக்கிற விசயந்தான். எங்க வீட்டுல கல்லு உருண்டுச்சுன்னு சொல்லி வச்சிருந்தோம். அதவிட இதுதான் பெரிய விசயமுன்னு எனக்கு இப்பத்தான் தெரியும். அந்தப் பேரு வந்த பொறகு நாப்பது வருசமா அந்தச் சரிவுல ஒரு பொம்பள விழல. அந்தப் பேர நான் மூடுனேன். மூணு வாரந்தான். சர்மிளா செத்துப் பொழச்சிருக்கு. தப்பு படத்துல இல்லைங்க தொரை. பொறுப்பு யாருன்னு நீங்க அன்னைக்கே சொல்லி வச்சிருக்கீங்க. அது நாந்தான். என்னா செய்யணுமோ எனக்குச் செய்ங்க. படத்தக் கழட்டாதீங்க."

பிரதாப் கையிலிருந்த காகிதத்தைப் பார்த்தார். படத்தைப் பார்த்தார். "ஓடைப் பக்கம் இறங்கின பதினொரு பேர் எந்த வழியில போனாங்க?"

"நீலக்கோட்டு வழியில," என்று பல குரல்கள் ஒன்றாகச் சொல்லின.

அவர் காகிதத்தை நான்காக மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தார். "அப்ப பேரைச் சரியா எழுதுங்க. இப்பவே. எழுதின பிறகு திரும்பப் படம் எடுத்து எல்லாருக்கும் அனுப்பணும்."

சுலக்ஷனா ஓடிப்போய் பெயின்டும் பிரஷ்ஷும் கொண்டு வந்தாள். செல்லசாமி கையை நீட்டினார். அவள் தயங்கிக் கொடுத்தாள். ஏணியில் மூன்று படி ஏறி நின்று பிரஷ்ஷைத் தோய்த்தபோது, அவள் கீழேயிருந்து மெதுவாகக் கேட்டாள்.

"மூக்கன் கங்காணி உருண்ட மேடுன்னு போடலாங்களே? எடம் இருக்குங்க."

அவர் குனிந்து அவளைப் பார்த்தார். "குளவி கொட்டுறப்போ அம்புட்டு நீளமா யாரு புள்ள கத்துவா?"

களம் சிரித்தது. அவர் எழுதினார். எழுத்து கொஞ்சம் கோணல்தான். ஆனால் பாதையிலிருந்து பார்த்தாலும் தெரியும் அளவு. இறங்கி வந்து தூர நின்று பார்த்தார். படத்தின் கீழ் மூலை வெறுமையாக இருந்தது கண்ணில் பட்டது.

"ஒம் பேரு எங்க?"

"என் பேரு எதுக்குங்க? மலைப் பேருதானே எழுதுனேன்."

"இது யாரு யோசன? நாளைக்கு நாலு டிவிசன்லயும் இதப் பாத்துக் கீறப்போறாங்க. எங்கப்பா உருண்டு ஒரு பேரு எழுதி வச்சாரு. நீ யோசிச்சி கீறிட்டுப் பேரு போடாம இருப்பியா? எழுது."

அவள் மண்டியிட்டு, லொறிக்காரர் நம்பருக்குக் கீழே, சின்னதாக எழுதினாள். செல்லசாமி இன்னும் பெரிதாக எழுதச் சொன்னார். இரண்டாவது தடவையும் சின்னதாகவே எழுதினாள். மூன்றாவது தடவைதான் அவருக்குத் திருப்தி.

பிறகு அவர் தன் இடத்துக்குப் போய் நின்றார். குடை இடது முழங்கையில் ஏறியது. அன்றைய வேலையைப் பிரித்துச் சொல்லவேண்டிய நேரம். கீழ்வரிசைக்கு ஆறு பேர், பழைய பீலிப் பக்கம் நாலு பேர் என்று வழக்கம்போலச் சொல்லிக்கொண்டு வந்தார். கடைசியாக, தோட்டம் முழுக்கக் கேட்கிற குரலில், நிமிர்ந்த முதுகோடு சொன்னார்:

"மத்த ஏழு பேரு மூக்கன் உருண்ட மேடு. கால ஊன்றி வைங்க."

"பொலி, பொலி!" என்று விளைச்சலை வாழ்த்திக்கொண்டே வேலாயி கூடையைத் தலையில் மாட்டினாள். பெண்கள் மலையேறத் தொடங்கினார்கள்.